கறுப்புத் துப்பாக்கி, நீலத் துப்பாக்கி, ஸ்டெல்லாவின் கை

போன மாதம் மணவூரிலிருந்து ஒருவர் போன் செய்தார். நண்பர்கள் சிலர் சேர்ந்து ஏர் ரைபிள் ஒன்று வாங்கப் போகிறார்களாம். காற்றை முன்கூட்டியே சிலிண்டரில் அடைத்து வைத்துச் சுடுகிற ரகம், அதிலும் நீளம் குறைந்த சின்ன மாடல். இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறார்கள், எதை வாங்கலாம் என்று கேட்டார். யார் சுடப் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்டேன். "யார் சுட்டா என்னா சார், நாங்க துப்பாக்கியப் பத்தித் தான கேக்கறோம்" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. அவரிடம் ஏதோ கடுகடுவென்று பேசி வைத்துவிட்டேன். பாவம், அவர் மேல் தப்பில்லை. அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

நான் போலீஸ் ஆயுதப் பட்டறையில் ஆர்மரராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆர்மரர் என்றால் துப்பாக்கியைப் பழுது பார்க்கிறவன். சுடுகிறவன் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கழற்று, துடை, மாட்டு, மறுபடி கழற்று என்று சக்கையாகப் பிழிந்தார்கள். அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. எல்லாப் பட்டறையிலும் எல்லாப் புதுப் பையன்களும் படுகிற பாடுதான்.

என் வேலை உண்மையில் தொடங்கியது ஏகாம்பரம் அய்யாவின் கீழ் வந்த பிறகு. அவர் பட்டறையின் தலைமை ஆர்மரர். ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு வெள்ளைத் துணி மடித்து வைத்திருப்பார். யாராவது ஒரு துப்பாக்கியைக் கொண்டுவந்து "இது சரியில்லை" என்றால், அவர் துப்பாக்கியை வாங்கவே மாட்டார். கொண்டுவந்தவரை ஸ்டூலில் உட்காரச் சொல்லுவார். டீ வரும். எப்போது சுட்டாய், எப்படி நின்றாய், என்ன சாப்பிட்டாய், கடைசியாக என்ன மாறியது என்று கேட்டுக்கொண்டே இருப்பார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தலையைச் சாய்த்துக் கேட்பார். வந்தவர் பெரிய அதிகாரியாக இருந்தாலும் அதே ஸ்டூல்தான். எல்லாம் கேட்டு முடித்த பிறகுதான் வெள்ளைத் துணியை மேஜையில் விரித்து, அதன்மேல் துப்பாக்கியை வைக்கச் சொல்லுவார்.

ஒருமுறை ஒரு காவலர், குறி எப்போதும் தப்பாதவர், தன் ரைபிள் வலது பக்கம் இழுக்கிறது என்று வந்தார். நான் ஆர்வக் கோளாறில் அதைப் பிரித்துப் போட்டுவிட்டேன். ஒரு குறையும் தெரியவில்லை. அய்யா ஸ்டூலில் உட்கார்ந்திருந்த காவலரையே பார்த்துக்கொண்டிருந்தார். "மூக்குக் கண்ணாடி எப்ப மாத்தினே?" என்றார். போன வாரம் என்றார் காவலர். புதுக் கண்ணாடியின் ஒரு பக்கம் வளைந்திருந்தது, அவ்வளவுதான். பிரித்த ரைபிளைத் திருப்பி மாட்ட எனக்கு மதியம் வரை ஆனது. அய்யா ஒரு வார்த்தை திட்டவில்லை. மாட்டி முடித்ததும், "துப்பாக்கி பேசாது. சுட்டவன் பேசுவான். முதல்ல யாரக் கேக்கணும்?" என்று மட்டும் கேட்டார்.

என் வேலையின் பிற்பகுதியில் விளையாட்டு அணிக்காக ஏர் ரைபிள்கள் வந்தன. எனக்கு அவற்றைப் பார்த்தால் இளக்காரம். வெடிமருந்தோடு பழகியவனுக்கு வெறும் காற்று என்ன பெரிய சமாசாரம்? அய்யா அதைக் கவனித்திருக்க வேண்டும். ஒரு நாள் காலிச் சிலிண்டர் ஒன்றை எடுத்துத் தராசில் வைத்து நிறுத்தார். பிறகு பெரிய சிலிண்டரோடு அதை இணைத்து, சூடாகாமல் மெதுவாகக் காற்றை நிரப்பினார். திரும்பவும் தராசில் வைத்தார். முள் நகர்ந்தது. அதைச் சமன் செய்ய மறுதட்டில் என்ன வைக்கலாம் என்று தேடி, மேஜையில் கிடந்த சின்ன எலுமிச்சம்பழத்தை எடுத்து வைத்தார். தராசு நேராக நின்றது.

நான் அப்படியே நின்றுவிட்டேன். நாள் முழுக்க உள்ளே இழுத்து வெளியே விடுகிற காற்று, ஒரு கையடக்க உருளைக்குள் ஒரு எலுமிச்சம்பழத்தின் கனத்தோடு உட்கார்ந்திருக்கிறது. அதைப் பிடித்து வைத்திருப்பது ஒரு ரப்பர் வளையம். விசையைத் தொட்டால் அதில் ஒரு சிட்டிகை மட்டும் வெளியே வந்து ஈயக் குண்டைத் தள்ளுகிறது. அடுத்த சிட்டிகையும் முந்தினது போலவே, அதற்கடுத்ததும் அப்படியே. அந்தச் சிட்டிகையை அளந்து விடுவதற்கு உள்ளே ஒரு ரெகுலேட்டர் இருக்கிறது, நம் வீட்டு கேஸ் அடுப்புக்கு இருப்பது போல. அன்றிலிருந்து காற்றை வெறும் காற்று என்று நான் சொன்னதில்லை.

ஓய்வு பெற்றுத் திருத்தணிக்கு வந்தேன். அரக்கோணம் சாலையில் முனிரத்தினம் என்பவர் தம் குடும்பத்து அரிசி மில்லின் கிடங்கைப் பத்து மீட்டர் சுடுதளமாக மாற்றியிருந்தார். நிலபுலன் உள்ள குடும்பம், தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவார், எதையும் சாமி பேரைச் சொல்லித்தான் தொடங்குவார். துப்பாக்கிகளைப் பார்த்துக்கொள்ள என்னைக் கூப்பிட்டார். சும்மா இருந்தால் வீட்டில் திட்டு விழும் என்பதால் நானும் போனேன்.

அங்கேதான் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். சன்னதித் தெருவுக்குப் பக்கத்தில் ஜாக்கெட் தைக்கும் கடை வைத்திருப்பவர். நாற்பதை நெருங்கும் வயது. என் தோள் உயரம்கூட இல்லை. சுடுதளத்தின் பின்சுவருக்குக் கறுப்புத் திரை தைக்க வந்தவரிடம், முனிரத்தினம் விளையாட்டாக ஒரு ரைபிளைக் கொடுத்துச் சுடச் சொல்லியிருக்கிறார். சுட்ட குண்டெல்லாம் நடுவில். அப்படித்தான் அவர் சுட ஆரம்பித்தது. கடையைச் சாத்திவிட்டு மதியத்தில் வருவார், சுடுவார், டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிடுவார், போவார். மாநிலப் போட்டிக்குப் போகிற அளவுக்கு வந்துவிட்டார்.

ஆனால் தளத்தில் இருந்த ரைபிள்களெல்லாம் நெட்டைகளுக்குச் செய்தவை. அவர் தூக்கினால் முன்பாரம் அவரைக் கீழே இழுக்கும். அதனால் முனிரத்தினம் சென்னைக் கடைக்காரரிடம் பேசி, சின்ன மாடல்களில் இரண்டை வரவழைத்தார். சுட்டுப் பார்த்து ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். ஒன்று முழுக்கக் கறுப்பு, அலுமினியக் கட்டை. இன்னொன்று நீலச் சாயம் போட்ட மரக்கட்டை. பெயரெல்லாம் எதற்கு, நாங்கள் கறுப்பு, நீலம் என்றே சொன்னோம்.

கறுப்பு நல்ல துப்பாக்கி. விசை பட்டு மாதிரி. ஆனால் தோளில் பதிகிற பின்கட்டையை எவ்வளவு உள்ளே தள்ளினாலும் ஸ்டெல்லாவுக்கு ஒரு விரல்கடை நீளம் மிச்சம். கழுத்தை நீட்டித்தான் குறி பார்க்க வேண்டும். நீலம் அப்படியில்லை. கன்னத்துக்குக் கீழே வைக்கும் சின்னக் கட்டையை ஒரு திருகு உயர்த்தியதும் அவரோடு ஒட்டிக்கொண்டது. வந்த முதல் சில நாள் நீலத்தில் அவர் சுட்டதை நான் பார்க்கவில்லை, காய்ச்சலில் படுத்திருந்தேன். முனிரத்தினம் வீட்டுக்கே குறி அட்டைகளை எடுத்துவந்து காட்டினார். எல்லாவற்றிலும் நடுவில் ஒரே ஓட்டை.

நான் எழுந்து வருவதற்குள் நிலைமை மாறியிருந்தது. நீலத்தில் சில குண்டுகள் நடுவில், சில நேர் கீழே. எப்போது இறங்கும் என்று சொல்ல முடியவில்லை. கறுப்பில் சுட்டால் எல்லாம் சுமாராக, சுற்றிலும் சிதறி. முனிரத்தினம் தயங்கித் தயங்கிச் சொன்னார்: கறுப்பையே வைத்துக்கொள்ளலாம் சார், சுமாரா இருந்தாலும் ஒரே மாதிரி இருக்குது, அவங்க கைக்கு இனி அவ்வளவுதான் போல.

கடைசிச் சொல் ஸ்டெல்லாவின் காதில் விழுந்துவிட்டது. அவர் அன்று சாப்பிடாமல் டிபன் பாக்ஸை மூடினார். என்னிடம் வந்து நின்றார்.

"சார், ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லணும் நீங்க. எங்க நைனாவும் டெய்லர் தான். அவருக்கு என் வயசுல தான் கை நடுக்கம் ஆரம்பிச்சுது. முதல்ல ஊசியில நூல் கோக்க வரல. அப்பறம் கத்திரி பிடிக்க வரல. கடைசில சாப்பாடே நான் தான் ஊட்டிகினு இருந்தேன். இப்ப குண்டு கீழ இறங்குதில்ல, அது துப்பாக்கியா, என் கையா?"

நான் வாயைத் திறப்பதற்குள் இன்னொன்றும் சொன்னார். கொஞ்ச நாளாக அவர் ஊசியில் நூலே கோப்பதில்லையாம். பக்கத்துப் பூக்கடை அம்மாவிடம் கொடுத்துக் கோத்து வாங்கிக்கொள்கிறாராம். "ட்ரை பண்ணாதான சார் தெரியும், வருதா வரலையான்னு. அதான் ட்ரை பண்றதில்ல." சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

டாக்டரைப் பாருங்கள் என்று சொல்வது எளிது. அவர் ஏற்கெனவே எல்லாவற்றுக்கும் பயந்து போயிருந்தார். முதலில் துப்பாக்கியைப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

கடைசியாக என்ன மாறியது என்று இருவரையும் கேட்டேன். குண்டு டப்பா மாறியதா? இல்லை. நிற்கும் இடம்? இல்லை. செருப்பு, கண்ணாடி, குறி பார்க்கும் துளையின் திருகு? எதுவும் மாறவில்லை. "ஒண்ணுமே மாறல சார், அப்பிடியே தான் இருக்குது" என்றார் முனிரத்தினம்.

நீலத்தை மேஜையில் வைஸில், அதாவது இரும்புப் பிடியில், இறுக்கிப் பூட்டினேன். கை படாமல் இரும்பே பிடித்திருக்கும்போது குண்டு எங்கே போகிறது என்று பார்ப்பதுதான் சோதனை. அய்யா பழக்கிய முறையில் செய்தேன். ஒரு குண்டு சுடுவது, எழுந்து நடந்து போய் அட்டையைப் பார்ப்பது, பூதக்கண்ணாடியில் ஓட்டையை அளப்பது, திரும்பி வந்து அடுத்ததைப் போடுவது. அவசரமே கூடாது. முடிவில் அட்டையில் ஒரே ஓட்டை. ஒரு குண்டுகூடக் கீழே இறங்கவில்லை. துப்பாக்கி தங்கமாக இருந்தது.

அதற்கு என்ன அர்த்தம் என்று அந்தக் கிடங்கில் இருந்த மூவருக்கும் தெரியும். ஸ்டெல்லா தைக்கும் கடையை நினைத்தேன். அந்தக் கையை நம்பித்தான் அவர் வீடு ஓடுகிறது. என்னால் சொல்ல முடியவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று மழுப்பிவிட்டுக் கிளம்பினேன். வழியில் மலையைப் பார்த்ததும் கும்பிடக்கூடத் தோன்றவில்லை, அவ்வளவு எரிச்சல்.

மறுநாள் காலை காப்பி குடிக்கும்போதுதான் உறைத்தது. துப்பாக்கியை உட்கார வைத்துக் கேட்டேனே தவிர, சுடுகிறவரை நான் பார்க்கவே இல்லை. அட்டையைத்தான் பார்த்தேன்.

அன்று மதியம் ஸ்டெல்லா வந்ததும் நீலத்தையே கையில் கொடுத்தேன். நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அட்டைக்கு முதுகு காட்டி, அவரைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். முனிரத்தினம் தொலைநோக்கியில் பார்த்து ஒவ்வொரு குண்டும் எங்கே விழுகிறது என்று சொல்ல வேண்டும்.

எத்தனையோ பேர் சுடுவதைப் பார்த்தவன் நான். ஆனால் சுடுகிறவரின் முகத்தை அப்படிப் பக்கத்திலிருந்து அதுவரை பார்த்ததில்லை. அவர் ரைபிளைத் தூக்கினார். இடது முழங்கை இடுப்பெலும்பில் போய் உட்கார்ந்தது. மூச்சு இறங்கி, பாதியில் நின்றது. கழுத்து நரம்பில் ரத்தம் துடிப்பது தெரிந்தது, ஆனால் அந்தத் துடிப்பு குழலின் நுனிக்குப் போய்ச் சேரவில்லை. இடையில் எங்கோ அதை அவர் நிறுத்தி வைத்திருந்தார். நுனி அசையவில்லை. எதிர்ச் சுவரின் விரிசலை அடையாளமாக வைத்து உற்றுப் பார்த்தேன், அசையவில்லை. மயிர்க்கூச்செறிந்தது என்று எழுதினால் மிகை என்பீர்கள். ஆனாலும் அதுதான் உண்மை. இந்தக் கையா நடுங்குகிறது?

"கீழ" என்றார் முனிரத்தினம்.

அடுத்ததுக்கு ஸ்டெல்லா தயங்கினார். தூக்கினார், இறக்கினார், உள்ளங்கையைப் புடவையில் துடைத்தார், திரும்பத் தூக்கினார். வெகுநேரம் பிடித்தபடி நின்று சுட்டார். எனக்கே நுனி கொஞ்சம் ஆடுவது தெரிந்தது.

"நடு."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இன்னும் சுடச் சொன்னேன். அவர் பயத்தை மறந்து, தன் வழக்கமான ஓட்டத்தில், மடமடவென்று அழகாகச் சுட்டபோதெல்லாம் கீழ. பயந்து இழுத்தடித்தபோதெல்லாம் நடு. நடுங்கும் கை இதற்கு நேர்மாறாகத்தான் செய்யும். அதிக நேரம் பிடித்தால்தான் ஆடும்.

"சில குண்டு சோம்பலா போகுது சார்" என்றார் ஸ்டெல்லா, தன்னையே குறை சொல்லிக்கொள்ளும் குரலில். "அடிக்கற சத்தமே தூங்கி வழியுது. என் காதும் போச்சோ என்னவோ."

நீலத்தை வாங்கி மறுபடி வைஸில் பூட்டினேன். இம்முறை எழுந்து போகவில்லை, அளக்கவில்லை. ஸ்டெல்லாவைப் பக்கத்தில் நிற்க வைத்து, அவர் எப்போது விசையைத் தொடுவாரோ அப்போது என் தோளைத் தட்டச் சொன்னேன். அவர் தட்டத் தட்ட நான் சுட்டேன். இரும்புப் பிடியில் இருந்த துப்பாக்கி, கையே படாமல், குண்டுகளைக் கீழே கீழே இறக்கியது.

முந்தின நாள் ஒவ்வொரு குண்டுக்கும் நான் நடந்து போய் வந்தேனே, அந்த நேரத்தில் துப்பாக்கி நிதானமாக மூச்சு வாங்கியிருக்கிறது. ஸ்டெல்லாவின் ஓட்டத்துக்கு ஈடாக அதனால் மூச்சு வாங்க முடியவில்லை. சிலிண்டரிலிருந்து ரெகுலேட்டருக்குக் காற்று போகிற வழியில் ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது; போதிய காற்று சேராத குண்டு வேகம் குறைந்து கீழே இறங்கியது.

வெள்ளைத் துணியை விரித்தேன். சிலிண்டரைக் கழற்றி, துப்பாக்கிக்குள் மிச்சமிருந்த காற்றையும் சுட்டுத் தீர்த்துவிட்டு, சிலிண்டர் வந்து சேருகிற வாயைத் திறந்தேன். உள்ளே மிளகு அளவில் ஒரு வடிகட்டி இருக்கும். அதைக் குச்சியால் நெம்பித் துணியில் தட்டினேன். மஞ்சளாக ஒரு தூள் விழுந்தது. அதில் ஓரமாகச் சிவப்பு. மூக்கருகே கொண்டுபோனேன். கமகமவென்று சந்தனம்.

நான் முனிரத்தினத்தைப் பார்த்தேன். அவர் முகம் மெல்ல மெல்ல மாறியது.

காய்ச்சலில் நான் படுத்திருந்தபோது ஆயுத பூஜை வந்து போயிருக்கிறது. எல்லாத் துப்பாக்கியையும் பலகையில் அடுக்கி, மலையிலிருந்து கொண்டுவந்த சந்தனத்தைக் குழைத்துப் பொட்டு வைத்திருக்கிறார்கள். அன்று காலை காற்று நிரப்புவதற்காக நீலத்தின் சிலிண்டரை மட்டும் கழற்றியிருந்தார்கள். திறந்த வாய் முனிரத்தினத்தைப் பார்த்தபடி இருந்திருக்கிறது. அதற்குத் தாராளமாக ஒரு அப்பு, மேலே குங்குமம். மறுநாள் வெளியே தெரிந்ததைத் துடைத்துவிட்டுச் சிலிண்டரை மாட்டிவிட்டார்கள்.

"ஒண்ணும் மாறலன்னு சொன்னீங்களே" என்றேன்.

"பூஜை தான சார் போட்டோம்?" என்றார் அவர், உண்மையாகவே புரியாமல். "வருஷா வருஷம் போடறது தான?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் ஊரில் லாரி முதல் தையல் மிஷின் வரை எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்கிறோம். அதை ஒரு மாற்றம் என்று யார் கணக்கில் எடுப்பார்கள்? கேள்வி கேட்ட எனக்கே தோன்றவில்லை. ஸ்டெல்லாவுடையது மிஷனரிகள் காலத்திலிருந்தே சர்ச்சுக்குப் போகிற குடும்பம். பூஜையின்போது ஓரமாக நின்று பொரிகடலை வாங்கித் தின்றாராம். அவரும் அதை ஒரு மாற்றமாக நினைக்கவில்லை.

பெட்டியோடு வந்திருந்த உதிரிப் பொட்டலத்தில் புது வடிகட்டி இருந்தது. பாதையைச் சுத்தம் செய்து அதைப் போட்டேன். எண்ணெய் மட்டும் கூடாது, அழுத்தக் காற்றும் எண்ணெயும் சேர்ந்தால் வெடிக்கும். வைஸில் பூட்டி, ஸ்டெல்லா தோளைத் தட்டத் தட்டச் சுட்டேன். ஒரே ஓட்டை. அட்டையை எடுத்து வைத்துக்கொண்டேன்.

பிறகு ரைபிளை ஸ்டெல்லாவிடம் கொடுத்து, புது அட்டை மாட்டினேன். அவர் தன் ஓட்டத்திலேயே சுட்டார். இம்முறை முனிரத்தினம் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

இரண்டு அட்டைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். பூதக்கண்ணாடியை வைத்தேன், எடுத்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்ப வைத்தேன். வைஸ் சுட்ட ஓட்டையைவிட ஸ்டெல்லா சுட்ட ஓட்டை சின்னது. அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படி ஒன்றைக் கண்டதில்லை. நாலு போல்ட் போட்டு மேஜையோடு இறுக்கிய இரும்பு அது. இது மூச்சும் ரத்தமும் பயமும் உள்ள ஓர் உடம்பு. ஏகாம்பரம் அய்யா இருந்திருந்தால் ஸ்டெல்லாவுக்கு டீ சொல்லி, தானே ஸ்டூலை எடுத்துப் போட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

நீலத்தை வைத்துக்கொண்டு கறுப்பைத் திருப்பி அனுப்பினோம். மணவூர்க்காரருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அவருக்குக் கறுப்பே பொருந்தலாம். இப்போதெல்லாம் ஆயுத பூஜைக்கு முனிரத்தினம் துப்பாக்கிகளைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் பெட்டிக்குப் பொட்டு வைக்கிறார். ஸ்டெல்லா அந்த முறை மாநிலப் போட்டிக்கும் போய்வந்தார். ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அதெல்லாம் இல்லை.

அட்டைகளை அவரிடம் காட்டி, "இரும்பு ஆடற அளவுகூட ஒன் கை ஆடலம்மா" என்றேன். அவர் அட்டையைப் பார்க்கவில்லை. இரண்டு கைகளையும் முகத்துக்கு முன்னால் விரித்து வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெஞ்சில் போய் உட்கார்ந்து, பையிலிருந்து நூல்கண்டை எடுத்தார். இஞ்ச் டேப்பில் குத்தி வைத்திருந்த ஊசியை உருவினார். நூல் நுனியை நாக்கில் வைத்து நனைத்து, ஜன்னல் பக்கம் ஊசியைத் தூக்கிப் பிடித்தார்.

முதல் தடவையிலேயே நுழைந்தது.